மார்பில் சிலுவை, கையில் ஈட்டி

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)

 

மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்கு வருகிறது. இயேசுவின் சீடர்கள் கை கழுவாமல் உண்டார்கள் என்று பரிசேயரும் மறைநூல் அறிஞரும் குறை சொல்கிறார்கள். இயேசு அவர்களுக்கு மறுமொழி கூறிவிட்டு மக்களைத் தம்மிடம் அழைத்து, வெளியிலிருந்து மனிதருக்குள்ளே போவது எதுவும் அவர்களைத் தீட்டுப்படுத்துவதில்லை என்கிறார். உள்ளத்திலிருந்து புறப்பட்டு வருவதே தீட்டு. களவு, கொலை, பேராசை, பொறாமை, பழிச்சொல், செருக்கு என்று பெரிய பட்டியலே போடுகிறார். நாம் இந்தப் பகுதியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டபோதெல்லாம் அந்தப் பட்டியல் அடுத்த வீட்டுக்காரருக்கு என்றே நினைத்திருக்கிறோம்.

அது நமக்கும் உரியது என்று நம்மை உலுக்கிச் சொல்லும் ஒரு நாவலைப் பற்றி இன்று பேசுவோம். வில்லியம் கோல்டிங் என்ற ஆங்கில எழுத்தாளர் 1954இல் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்'. தமிழில் 'ஈக்களின் தலைவன்' என்று சொல்லலாம். உங்கள் வீட்டில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், அவர்கள் பாடமாகவே படித்திருக்கக்கூடும். கோல்டிங் பள்ளி ஆசிரியர். பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தினமும் வகுப்பறையில் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றியவர். 1944இல் நார்மண்டி கடற்கரைத் தாக்குதலிலும் பங்கு பெற்றவர். சமுதாய அமைப்பைச் சரிசெய்தால் மனிதனும் சரியாகிவிடுவான் என்று போருக்கு முன் தாம் நம்பியதாகவும், போரில் கண்டவை அந்த நம்பிக்கையைப் போக்கிவிட்டதாகவும் அவரே பின்னாளில் எழுதினார். இந்த நாவலைப் பல பதிப்பகங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பின. பிறகு ஒரு பதிப்பகம் ஏற்றது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கதை இதுதான். உலகில் பெரும் போர் நடக்கிறது. பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்லப்படும் ஆங்கிலேயப் பள்ளிச் சிறுவர்களின் விமானம் ஆளில்லாத வெப்பமண்டலத் தீவு ஒன்றில் விழுகிறது. பெரியவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பையன்கள் மட்டுமே. தண்ணீர் உண்டு, பழம் உண்டு, வெயில் உண்டு, நீந்தக் கடல் உண்டு. ஏறக்குறைய ஏதேன் தோட்டம்தான்.

அந்தத் தோட்டத்துக்குள் முதலில் வரிசையாக நடந்து வருபவர்கள் யார் தெரியுமா? ஒரு பாடகர் குழு! கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி. ஒவ்வொரு அங்கியிலும் இடது மார்பில் நீண்ட வெள்ளிச் சிலுவை. கொதிக்கும் வெயிலில், மணலில், அணி கலையாமல் வருகிறார்கள். அவர்களுடைய தலைவன் ஜாக். தன்னையே எல்லாருக்கும் தலைவனாக்க வேண்டும் என்று அவன் கேட்கிறான். அதற்கு அவன் சொல்லும் தகுதி, தான் பாடகர் குழுவில் முதன்மையானவன், உச்ச சுரத்தில் பாடத் தெரிந்தவன் என்பது.

நம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் பாடும் பிள்ளைகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவில் முதன்முதலாக ஈட்டியைத் தீட்டியவர்கள் அப்படிப்பட்ட பாடகர் குழுப் பிள்ளைகள்தான். பாடல் தெரியாதவர்களும் சிலுவையைக் கண்டிராதவர்களும் அல்லர். வெயில் தாங்காமல் அங்கியைக் கழற்றினார்கள். பிறகு அதை யாரும் தேடவில்லை. திருமுழுக்கு நாளில் நமக்கும் ஒரு வெண்ணிற ஆடை தந்தார்கள். அதை நாம் எங்கே வைத்தோம்?

அன்புக்குரியவர்களே, இந்தக் கதையில் மனிதப் பண்பாட்டைக் காக்கும் சில பொருள்கள் வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, சங்கு. ரால்ஃப் என்ற பையனும், பருத்த உடலும் மூச்சிரைப்பு நோயும் கொண்ட இன்னொரு பையனும் கடற்கரையில் பெரிய சங்கு ஒன்றைக் காண்கிறார்கள். அதை ஊதினால் ஓசை எழும் என்று சொல்லிக் கொடுப்பவன் அந்தப் பருத்த பையன். ஊதுபவன் ரால்ஃப். சிதறிக் கிடந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த ஓசை கேட்டுக் கூடுகிறார்கள். கூட்டத்தில் சங்கைக் கையில் வைத்திருப்பவரே பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று விதி செய்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையானாலும் சங்கு கையில் இருந்தால் பன்னிரண்டு வயதுப் பையன் வாயை மூடிக் கேட்க வேண்டும்.

எவ்வளவு எளிய விதி, பாருங்கள். சங்குக்கு ஆயுத பலம் இல்லை. எல்லாரும் மதிக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. நாளாக ஆக, ஜாக் சங்கு கையில் இல்லாமலே பேசுகிறான். பிறகு, பருத்த பையன் சங்கைப் பிடித்துக்கொண்டு பேசும்போதும் குறுக்கே கத்துகிறான். பிறகு, தீவின் இந்தப் பக்கத்தில் சங்கு செல்லாது என்கிறான். கடைசியில் ரோஜர் என்பவன் உருட்டிவிட்ட பாறை அந்தப் பருத்த பையனைத் தாக்கிக் கொல்லும்போது, அவன் கையிலிருந்த சங்கும் தூள்தூளாகிறது. சங்கு ஒரே நாளில் உடைந்ததாக நமக்குத் தோன்றலாம். முதன்முறை ஒருவன் மற்றவனைப் பேசவிடாமல் செய்தபோதே அதில் விரிசல் விழுந்துவிட்டது.

நம் வீட்டில் யாருக்குப் பேச இடம் இல்லை? சாப்பாட்டு நேரத்தில் பாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தால் 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று முடித்துவிடுகிறோமா? பங்குப் பேரவையில் குரல் உயர்த்தத் தெரிந்த நாலு பேர்தான் பேசுகிறார்களா? திருப்பலியில் இறைவார்த்தை வாசிக்கப்படும்போது நாம் அனைவரும் அமைதியாகக் கேட்கிறோமே, அந்தப் பழக்கத்தை ஆலய வாசலுக்கு அப்பாலும் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, தீ. கடலில் போகும் கப்பலுக்குத் தெரியும்படி மலையுச்சியில் புகை எழுப்ப வேண்டும் என்று பையன்கள் முடிவு செய்கிறார்கள். தீ மூட்ட அவர்களிடம் தீப்பெட்டி இல்லை. அந்தப் பருத்த பையனின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி, வெயிலைக் குவித்து மூட்டுகிறார்கள். முதல் தீயே கட்டுக்கடங்காமல் காட்டைப் பற்றுகிறது. முகத்தில் செந்நிற மச்சம் கொண்ட ஒரு சின்னப் பையன் அன்றைக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்கள் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கவும் இல்லை.

அடுத்து, தீயைக் காவல் காக்கும் பொறுப்பைப் பாடகர் குழு ஏற்கிறது. ஒருநாள் பன்றி வேட்டைக்காகக் காவலில் இருந்தவர்களையும் ஜாக் அழைத்துப் போய்விடுகிறான். தீ அணைகிறது. அந்த நேரம் பார்த்துத் தொலைவில் ஒரு கப்பல் போகிறது. புகை இல்லாததால் நில்லாமல் போய்விடுகிறது. வேட்டைக்காரர்கள் பன்றியைச் சுமந்துகொண்டு மகிழ்ச்சியாகப் பாடி வருகிறார்கள். இறைச்சி கிடைத்தது, மீட்பு கைநழுவியது. மணமகனுக்காகக் காத்திருந்த பத்துத் தோழியரில் ஐந்து பேர் எண்ணெய் வாங்கப் போன வேளையில் கதவு அடைபட்டதை நாம் மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். அந்த ஐந்து பேரும் கெட்டவர்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. முன்யோசனை இல்லாதவர்கள் என்றுதான் சொன்னார். குடும்ப செபம் நின்றுபோன வீடுகளில் யாரும் அதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போடுவதில்லை. ஒரு நாள் வேறு வேலை, மறுநாள் விருந்தாளி, அதற்கடுத்த நாள் தொலைக்காட்சி. தீ இப்படித்தான் அணைகிறது.

மூன்றாவது, மூக்குக்கண்ணாடி. தெளிவாகப் பார்க்கவும் அதுதான், தீ மூட்டவும் அதுதான். தீ அணைந்து கப்பல் போன அன்று நடந்த சண்டையில் ஜாக் அடித்த அடியில் ஒரு பக்கக் கண்ணாடி உடைகிறது. பிறகு ஒருநாள் இரவில் ஜாக்கின் கூட்டம் குடிசைக்குள் புகுந்து தாக்குகிறது. சங்கைத் திருடத்தான் வந்தார்கள் என்று பருத்த பையன் பதறுகிறான். சங்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. மீதியிருந்த ஒரு பக்கக் கண்ணாடியைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களுக்குத் தீயின் பலன் வேண்டும். பிறர் பேசுவதைக் கேட்கும் பொறுப்பு வேண்டாம். நம் காலத்தில் கையடக்கக் கருவி ஒன்று உலகையே காட்டுகிறது. ஆனால் பக்கத்து அறையில் இருப்பவர் சொல்வதைக் கேட்கும் பொறுமை குறைந்துவிட்டது என்றால், நாமும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சங்கை விட்டுவந்தவர்கள்தான்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. சங்கை உடைத்த அதே ரோஜர், கதையின் தொடக்கத்தில் கடற்கரையில் விளையாடும் ஒரு சின்னப் பையன்மீது கல் எறிகிறான். ஆனால் அவன்மேல் படும்படி எறியவில்லை. அந்தப் பையனைச் சுற்றி ஏறக்குறைய ஆறு கெஜ அகலத்துக்கு ஒரு வட்டம் இருப்பதுபோல, அதற்கு வெளியே மட்டும் கல் விழுகிறது. அவனைத் தடுத்தது எது? அவனைத் தண்டிக்க அங்கே தாயில்லை, ஆசிரியர் இல்லை, காவலர் இல்லை. இருந்தும் அவர்கள் கற்றுக்கொடுத்தது அவன் கைக்குள் மிச்சமிருக்கிறது. பெற்றோரே, ஆசிரியர்களே, மறைக்கல்வி கற்பிக்கும் சகோதரிகளே! நீங்கள் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளின் காதில் ஏறவில்லை என்று சலித்துக்கொள்கிறீர்கள். ஏறுகிறது. நீங்கள் இல்லாத இடத்திலும் அது ஒரு கையைத் தடுக்கும். அதே வேளையில் இன்னொன்றும் உண்மை. தொடர்ந்து பேணாவிட்டால் அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ரோஜர் கடைசியில் பாறையையே உருட்டினான்.

இந்த நான்குக்கும் எதிராக நிற்பது முகச்சாயம். ஜாக் களிமண்ணாலும் கரியாலும் முகத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டையில் நிறைந்த நீரில் தன்னைப் பார்க்கிறான். அங்கே தெரிவது அவன் முகம் அல்ல, யாரோ ஓர் அந்நியன். அந்த முகத்துக்குப் பின்னால் வெட்கம் அவனை விட்டுப் போய்விடுகிறது. முதல் நாளில் ஒரு பன்றிக்குட்டியைக் குத்தக் கத்தியை ஓங்கிவிட்டு, குத்த மனம் வராமல் நின்றவன் அவன். பெயரை மறைத்துக்கொண்டு, பொய்ப் படத்தை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத பெண்ணைப் பற்றியோ வேறு சமயத்தவரைப் பற்றியோ நம் பிள்ளைகள் சமூக ஊடகங்களில் எழுதுவதைப் பார்க்கும்போது இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் மட்டுமா? பெரியவர்களாகிய நாமும்தான்.

இனி, தலைப்பில் வரும் அந்த 'ஈக்களின் தலைவன்' யார் என்று பார்ப்போம். சின்னப் பிள்ளைகள் இரவில் அஞ்சுகிறார்கள். தீவில் ஏதோ ஒரு விலங்கு இருப்பதாகப் பேச்சு பரவுகிறது. அதைச் சாந்தப்படுத்த, ஜாக் தான் கொன்ற பன்றியின் தலையை ஒரு கம்பில் செருகிப் படையலாக நிறுத்துகிறான். அதை ஈக்கள் மொய்க்கின்றன. எக்ரோன் ஊரார் வணங்கிய தெய்வத்தின் பெயருக்கு இந்தப் பொருள் உண்டு. அரசர்கள் இரண்டாம் நூலின் முதல் அதிகாரத்தில், நோயுற்ற அகசியா அரசன் அந்தத் தெய்வத்திடம் குறி கேட்க ஆள் அனுப்பியதற்காக எலியா இறைவாக்கினர் கண்டிக்கிறார். நற்செய்தியில் பெயல்செபூல் என்று பேய்களின் தலைவனுக்கு வரும் பெயரும் இதனோடு தொடர்புடையதே.

அந்தத் தலையின் முன் தனியாக உட்கார்ந்திருப்பவன் சைமன். பாடகர் குழுவில் அடிக்கடி மயங்கி விழும் மெலிந்த பையன். எல்லாரும் குடிசை கட்டுவதைப் பாதியில் விட்டுப் போனபோது ரால்ஃபுடன் கடைசிவரை நின்றவன். எட்டாத பழங்களைச் சின்னவர்களுக்குப் பறித்துக் கொடுத்தவன். இறைச்சி மறுக்கப்பட்ட பருத்த பையனுக்குத் தன் பங்கைக் கொடுத்தவன். விலங்கு என்று ஒன்று இருந்தால் அது நாமாகவே இருக்கலாம் என்று கூட்டத்தில் சொல்ல முயன்று, எல்லாருடைய கேலிக்கும் ஆளானவன். இப்போது அவன் மலையேறிப் போகிறான். எல்லாரும் விலங்கு என்று அஞ்சியது, வான்குடையில் சிக்கி இறந்த ஒரு போர் வீரரின் உடல் என்று காண்கிறான். கயிற்றின் சிக்கலை அவிழ்த்து அந்த உடலுக்கு மரியாதை செய்கிறான். பிறகு, அஞ்சத் தேவையில்லை என்ற நற்செய்தியைச் சொல்ல இருட்டில் மலையிறங்கி வருகிறான்.

கீழே இடியும் மின்னலும். பிள்ளைகள் வட்டமாக நின்று, விலங்கைக் கொல்லச் சொல்லும் கோஷத்தோடு ஆடுகிறார்கள். சைமன் அந்த வட்டத்துக்குள் விழுகிறான். அவனையே விலங்கு என்று நினைத்துக் கொன்றுவிடுகிறார்கள். இயேசுவையும் பெயல்செபூல் பிடித்தவர் என்றுதான் சொன்னார்கள். மக்களின் அச்சத்தைப் போக்க வந்தவரைத்தான் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள்.

இந்தக் காட்சியில் நம்மைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. அந்த வட்டத்தில் ஜாக்கும் ரோஜரும் மட்டும் இருக்கவில்லை. சங்கை ஊதிய ரால்ஃபும் இருந்தான், அறிவாளியான பருத்த பையனும் இருந்தான். மறுநாள் காலையில் ரால்ஃப் அதைக் கொலை என்று அதன் பெயரிலேயே சொல்கிறான். பருத்த பையனோ அது விபத்து என்கிறான், இருட்டு என்கிறான், நாம் ஓரமாகத்தான் இருந்தோம் என்கிறான். ஆன்மச் சோதனை செய்யும்போது நமக்குள் கேட்கும் இரண்டு குரல்களும் இவைதான். ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடும்போது எந்தக் குரலில் பேசுகிறோம் என்று நாமே அறிவோம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். இந்தக் கதையில் வரும் பையன்கள் முகத்தில் சாயம் பூசியவர்களைக் காட்டுமிராண்டிகள் என்கிறார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவை பழைய ஆங்கிலச் சாகசக் கதைகள். கோல்டிங்குக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் பாலண்டைன் என்பவர் எழுதிய 'த கோரல் ஐலண்ட்' கதையில், தீவில் ஒதுங்கிய ஆங்கிலப் பையன்கள் நல்லவர்கள். தீமை எல்லாம் கடற்கொள்ளையரிடமிருந்தும் தீவுவாசிகளிடமிருந்தும் வரும். அந்தக் கதையில் வரும் ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களையே எடுத்துக்கொண்டு கோல்டிங் அதைத் தலைகீழாக்கினார். அவருடைய தீவில் வேறு யாரும் இல்லை. தீமை வெளியே இருந்து வந்தது என்று சொல்ல வழியே இல்லை.

கதையின் முடிவிலும் அதையே காண்கிறோம். ஜாக்கின் கூட்டம் ரால்ஃபை வேட்டையாடுகிறது. அவனை வெளியே வரவழைக்கக் காட்டுக்கே தீ வைக்கிறார்கள். கொல்வதற்காக மூட்டிய அந்தப் புகையைக் கண்டுதான் கப்பல் வருகிறது. வெள்ளைச் சீருடையில் கடற்படை அதிகாரி ஒருவர் நிற்கிறார். ஆங்கிலேயப் பிள்ளைகள் இன்னும் ஒழுங்காக நடந்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறார். அவர் இடுப்பில் கைத்துப்பாக்கி. பின்னால் நிற்பது போர்க்கப்பல். பிள்ளைகளின் சண்டையைக் கண்டித்துவிட்டு அவர் பெரியவர்களின் சண்டைக்குத் திரும்பிப் போவார். அவரை மீட்க எந்தக் கப்பல் வரும்?

அப்படியானால் மனிதருக்கு நம்பிக்கையே இல்லையா? திருச்சபை பிறப்புநிலைப் பாவத்தைப் பற்றிப் போதிக்கிறது. அருளைப் பற்றியும் போதிக்கிறது. இதற்கு உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். 1965இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள தொங்கா நாட்டில், விடுதிப் பள்ளியில் படித்த ஆறு பையன்கள் பள்ளி சலித்துப்போய், ஒரு மீனவரின் படகைத் திருடிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். புயலில் பாய் கிழிந்து, சுக்கான் உடைந்து, பல நாள் அலைந்து, 'ஆட்டா' என்ற ஆளில்லாத பாறைத் தீவில் ஒதுங்கினார்கள். அங்கே பதினைந்து மாதங்கள் வாழ்ந்தார்கள். 1966 செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் பீட்டர் வார்னர் அவர்களைக் கண்டார். அதற்குள் ஊரில் அவர்களுக்கு இறுதிச் சடங்கே நடந்துவிட்டது.

கண்டபோது ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். தீயை அணையவிடாமல் காத்திருந்தார்கள். வேலைகளை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். சண்டை வந்தால் இருவரும் தீவின் வெவ்வேறு பக்கம் போய்க் கோபம் ஆறியபின் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்பது என்று விதி வைத்திருந்தார்கள். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் தாங்களே செய்தார்கள். ஒவ்வொரு நாளையும் பாடலோடும் செபத்தோடும் தொடங்கி, அவற்றோடே முடித்தார்கள். அவர்களும் புனிதர்கள் அல்லர், படகு திருடியவர்கள். ஊர் திரும்பியதும் படகின் சொந்தக்காரர் புகார் செய்ய, சிறையில் அடைக்கப்பட்டார்கள். வார்னர்தான் படகுக்கான பணத்தைச் செலுத்தி அவர்களை வெளியே கொண்டுவந்தார். கடன்பட்டவருக்காக வேறொருவர் விலை கொடுத்து மீட்பது நமக்குப் பழக்கமான செய்திதானே!

அந்த 'ஆட்டா' தீவு ஏன் ஆளில்லாமல் கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். 1863இல் அடிமை வியாபாரிகளின் கப்பல் ஒன்று வந்து அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைப் பிடித்துச் சென்றது. எஞ்சியவர்களைத் தொங்கா அரசர் பாதுகாப்பான வேறு தீவுக்குக் குடியேற்றினார். பெரிய கப்பல் வைத்திருந்தவர்கள் அங்கே செய்தது அது. ஒரு நூற்றாண்டு கழித்து, காட்டுமிராண்டிகளின் இடம் என்று சாகசக் கதைகள் எழுதிய அதே கடலில், ஆறு தீவுப் பையன்கள் சகோதரர்களாக வாழ்ந்து காட்டினார்கள். அவர்களைக் காத்தது படிப்போ உடையோ அல்ல. தீயைக் காத்தார்கள், மன்னித்தார்கள், செபித்தார்கள். ஒவ்வொரு நாளும் செய்தார்கள்.

நிறைவாக ஒரு செய்தி. இவ்வளவு நேரமும் 'பருத்த பையன்' என்றே சொல்லிவந்தோம். அவனுக்குப் பெயர் இல்லையா? கோல்டிங்கின் கதையில் அவனுடைய சொந்தப் பெயர் கடைசிவரை வருவதில்லை. பள்ளியில் அவனைப் 'பிக்கி', அதாவது பன்றிக்குட்டி, என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரை மட்டும் இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவன் ரால்ஃபைக் கேட்டுக்கொள்கிறான். ரால்ஃப் அதை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். உன் உண்மையான பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பன்றிகளை வேட்டையாடும் தீவில் ஒருவனுக்கு அந்தப் பெயர் என்றால், அவன் முடிவு அந்தச் சிரிப்பிலேயே தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கி வைத்தவன் கதையின் நல்ல பையன்.

இதை வாசித்தபோது நமக்கு ஒரு பழைய நினைவு வந்தது. சிறுவயதில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் எங்களோடு ஒரு பையன் இருந்தான். பேச்சு திக்கும். அதை வைத்து நாங்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தோம். அவனும் கூடவே சிரிப்பான். ஒரு விடுமுறைக்குப் பின் அவன் திரும்பி வரவில்லை. சில மாதங்களுக்கு முன் அந்தக் காலத்து நண்பர்கள் நான்கு பேர் ஓர் இறப்பு வீட்டில் சந்தித்தோம். அவனைப் பற்றிப் பேச்சு வந்தது. பட்டப்பெயர் நான்கு பேருக்கும் உடனே நினைவுக்கு வந்தது. அவனுடைய திருமுழுக்குப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கு பேரில் இருவர் குருக்கள்.

கடவுள் காயினிடம் அவன் தம்பியைப் பற்றிக் கேட்டபோது, அவன் தனக்குத் தெரியாது என்றான். நாங்களும் அன்று அந்தப் பதிலைத்தான் சொன்னோம்.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் நாம் அனைவரும் ஒரு காரியம் செய்வோம். நம் தெருவில், அலுவலகத்தில், பள்ளியில், ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் பணியில், பட்டப்பெயரால் மட்டுமே அல்லது 'ஏய்' என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவர் இருப்பார். அவரிடம் போய்ப் பெயரைக் கேட்போம். கேட்டு, அந்தப் பெயரால் அழைப்போம். பிள்ளைகளே, வகுப்பில் எல்லாரும் ஒருவனைப் பார்த்துச் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காமல் இருங்கள். அது சிறிய செயல்தான். ரால்ஃப் செய்யத் தவறியதும் அதுதான்.

நாங்கள் அந்த நண்பனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அவன் கிடைக்கும்வரை ஒவ்வொரு திருப்பலியிலும் அவனைப் பெயர் சொல்லாமலே ஒப்புக்கொடுக்கிறோம். நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயனுக்கு அவன் பெயர் தெரியும். அவர் நம் இதயங்களில் தம் தீயை மூட்டி, அதைக் காக்கும் பொறுமையையும் நமக்குத் தருவாராக. ஆமென்.